கை படாத நூறு காய்

போடிநாயக்கனூரில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற சொல்லை முதன்முதலில் வாயில் போட்டு மென்றவர்கள், ஞானதுரை முதலாளியின் சரக்குக் கிட்டங்கியில் ஏலக்காய் பொறுக்கிய பதினொரு பெண்கள். இதற்குச் சாட்சி நான் ஒருவன்தான் மிச்சம். மற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டதால் நான் சொல்வதை மறுக்க ஆளில்லை. அந்த வசதியை நான் ஒருபோதும் தவறாகப் பயன்படுத்தியதில்லை.

ஐம்பத்தாறு முடிந்து ஐம்பத்தேழு பிறக்கிற சமயம். அந்தக் கிட்டங்கியில் நான் தராசு பார்த்தேன். பொறுக்கும் பெண்களுக்குத் தலைவி சுருளியம்மாள். மலையிலிருந்து வரும் காயில் பெரிசு, சிறிசு, வெடிச்சது, வெளுத்தது எல்லாம் கலந்து கிடக்கும். அதைச் சொளகு என்கிற முறத்தில் பரப்பி, இடது கையால் சொளகை ஆட்டிக்கொண்டே வலது கையால் கொத்திக் கொத்தித் தரம் பிரிப்பாள். அவ்வளவு நேரமும் வாய் ஊர்க்கதை பேசும். பேசினால்தான் கை ஓடும். ஒரு கார்த்திகையில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு நாலு நாள் பேச்சு வரவில்லை. அந்த நாலு நாள் காயை முதலாளி மறுபடி பொறுக்கச் சொல்லிவிட்டார்.

அவள் பொறுக்கிய காயை வரிசையாக அடுக்கி மேலே முழக்கோலை வைத்தால் கோல் ஆடாது. ஆசாரி ராக்கையா தன் ரசமட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வருஷத்துக்கு ஒருமுறை அவளிடம் ஒரு கை காய் வாங்கிப்போவார்.

அவள் புருஷன் கண்ணுச்சாமி குரங்கணிக்கு மேலே நாலு கழுதை வைத்து ஏலத்தோட்டங்களிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் மார்கழியில் குரங்கணியில் மூடுபனி எவ்வளவு கெட்டி என்றால், கண்ணுச்சாமி காலையில் தலைத்துண்டை அவிழ்த்துப் பனியின்மேல் தொங்கப் போட்டுவிட்டுத்தான் கழுதைக்குப் பொதி கட்டுவார். ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் துண்டு கீழே விழும். எடுத்து உதறிக் கட்டிக்கொண்டு கிளம்புவார். துண்டு விழுந்தால் மணி ஒன்பது. அவருக்கு வேறு கடிகாரம் கிடையாது.

இவர்களுக்கு ஒரே மகள், ராஜாத்தி. மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரி விடுதியில் தங்கி பி.ஏ. கணக்குப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் வாங்கிய மார்க்கைப் பார்த்துவிட்டு முதலாளியே போய்ச் சேர்த்துவிட்டு வந்தார். பொறுக்கிற பெண்ணின் மகள் கல்லூரிக்குப் போனது எங்கள் தெருவில் அதுதான் முதல் தடவை. அதனால் அவள் லீவுக்கு வந்தால் பதினொரு பேரும் அவளைத் தங்கள் வயிற்றில் பிறந்தவள் மாதிரியே சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள்.

கிறிஸ்துமஸ் லீவில் வந்தவளிடம், பொறுக்குகிறவர்களில் ஒருத்தியான பேச்சி கேட்டாள்: "ஏத்தா, கணக்குதான படிக்கிறே. அதென்ன புதுசா வேற ஒண்ணு சொல்றே?"

"ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சித்தி. மெயின் பாடம் கணக்கு. அதோட தொணையாப் படிக்கிறது இது."

"வயசுப் புள்ளயத் தனியா அனுப்பாம கூட ஒரு கெழவிய அனுப்புவமே, அந்த மாதிரியா?"

"அப்பிடியே வச்சுக்கங்க. ஆனா இப்ப கெழவிதான் என்னையப் போட்டு மெரட்டுது."

"என்னதான் சொல்லுது அது?" என்றாள் சுருளியம்மாள், சொளகை நிறுத்தாமல்.

"ஒரு பொருள்ல நூறு எடுத்து அளக்கணும் ஆத்தா. சராசரி எம்புட்டுன்னு பாக்கணும். அப்பறம் ஒவ்வொண்ணும் சராசரியில இருந்து எம்புட்டு வெலகி நிக்கிதுன்னு பாக்கணும். வெலகி நிக்கிறதுதான் முக்கியம்."

சொளகு நின்றுவிட்டது. "வெலகி நிக்கிறதத்தானடி நாங்க காலையில இருந்து தூக்கிப் போட்டுக்கிட்டு இருக்கோம்?"

"அதைத்தான் நாங்க எடுத்து வச்சுப் படிக்கிறோம்."

பக்கத்துச் சொளகுக்காரி மூக்கம்மாள் பெருமூச்சு விட்டாள். "மதுரையில வேற சோலி இல்ல போல."

சொந்த ஊரில் விளைகிற ஏதாவது ஒன்றில் நூறு எடுத்து அளந்து ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும் என்பது ராஜாத்திக்குக் கொடுத்த வேலை. அவள் ஏலக்காயை எடுத்தாள். கண்ணுச்சாமி இறக்கிய மூட்டை ஒன்றைப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டு அள்ளி, நூறை எண்ணி ஒரு மஞ்சள் பையில் போட்டாள். பொட்டிபுரத்தில் சித்தப்பா வீட்டில் காதுகுத்து. அப்பாவும் மகளும் இரண்டு நாள் போக வேண்டியிருந்தது. பையை என் தராசுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள்.

"மாமா, இத யாரும் தொடாமப் பாத்துக்கங்க."

"தொட்டா கைய முறிச்சிருவேன். நீ போய்ட்டு வா தாயி," என்றேன்.

திரும்பி வந்தவள் பையை இறக்கி எண்ணிப் பார்த்தாள். நூறு இருந்தது. கல்லூரியில் இரவல் வாங்கி வந்த அளவுக் கருவியால் ஒவ்வொரு காயின் கனத்தையும், அதாவது தடிமனையும், கவ்விப் பிடித்து, மில்லிமீட்டரில் படித்துப் படித்து எழுதினாள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. "ஒரே தோட்டம், ஒரே நாள் எடுப்பு மாமா, அதான் எல்லாம் ஒண்ணு போல இருக்கு," என்று சந்தோஷப்பட்டாள். நான் படிக்கற்களை அடுக்க ஆரம்பித்தேன். மறுநாள் காலை ரயிலுக்குப் போய்விட்டாள்.

பொங்கல் கழிந்த மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. கிட்டங்கி விலாசத்துக்குத்தான் எழுதுவாள். வாசிக்கிறவன் நான். முதலாளியும் வந்து மேசைமேல் சாய்ந்து நின்றார். நான் வாசித்தேன்.

'ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நடத்தும் மிஸ் கிரேஸ் என் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நூறு காயில் மிகச் சிறியது ஏழேகால், மிகப் பெரியது ஏழரை. இயற்கை இப்படிக் காய்க்காது, அளக்காமலே விடுதியில் உட்கார்ந்து நீ எழுதிய எண்கள் இவை என்கிறார்கள். நான் அளந்ததைத்தான் எழுதினேன். நம்பவில்லை. நோட்டில் அவர்கள் கையெழுத்து இல்லாவிட்டால் மார்ச்சில் பரீட்சை எழுத முடியாது. வீட்டிலிருந்து யாராவது வந்து பேச வெள்ளிக்கிழமைவரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். எதற்கும் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். பரீட்சை போனால் போகட்டும். பொய் எழுதினவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு இங்கே இருக்க மாட்டேன்.'

கிட்டங்கியில் ஒரு சொளகும் ஆடவில்லை.

முதலில் பேச்சிதான் உடைந்தாள். "அக்கா, நான் ஒண்ணும் பெருசாச் செய்யல. வாய் வெடிச்ச காயி ஒரு பத்துப் பன்னெண்டு கெடந்துச்சு. அத மட்டும் மாத்தி வச்சேன். காலேசுக்குப் போற காயி, வாயத் தொறந்துக்கிட்டா போகணும்?"

"நீயுமாடி?" என்றாள் மூக்கம்மாள். "நான் பொடிக் காயெல்லாம் எடுத்துட்டு நல்லதாப் போட்டேன். புள்ள மானம் போயிரக் கூடாதுன்னு."

"எண்ணி எடுத்து எண்ணித்தான் வச்சேன்," என்றாள் இன்னொருத்தி, தன் நேர்மையை நிலைநாட்டுகிறவள் போல.

ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி, நான் டீ குடிக்கப் போன நேரம், ஒதுங்கப் போன நேரம், சும்மா அந்தப் பக்கம் திரும்பிய நேரம் எல்லாம் பையில் கை விட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் பொறுக்காத காய் தெருவைத் தாண்டாது. கல்யாணத்துக்குக் கொடுத்தாலும் சரி, துக்கத்துக்குக் கொடுத்தாலும் சரி, பொறுக்கித்தான் கொடுப்போம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கை, பெற்ற பிள்ளை மாதிரி ஒருத்தி மதுரைக்கு எடுத்துப்போகிற காயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா?

கடைசியில் சுருளியம்மாள் வாயைத் திறந்தாள். "எல்லாரும் எடுத்தது போக, ரெண்டாம் நா சாயங்காலம் பைய மொத்தமாச் சொளகுல கொட்டி நான் ஒரு தடவ பொறுக்குனேன். எம்மகளுக்கு நானே குழி வெட்டியிருக்கேன்." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"காவல் இருந்த ஆளு என்னய்யா பண்ணீரு?" என்று முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"நான் கடைசியா ரெண்டே ரெண்டு வெளுத்த காய மட்டும் மாத்துனேன் மொதலாளி. பச்சையில வெள்ளை கண்ண உறுத்துச்சு."

முதலாளி சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "நாளைக்கு வியாழன். காலை வண்டிக்கு சுருளியம்மாளும் நீருமாக் கெளம்புங்க. மலையில இருந்து வந்த மூட்டையில பொறுக்காத காயி ரெண்டு படி கட்டிக்கங்க. போய் உள்ளதச் சொல்லுங்க. கர்த்தர் பாத்துக்குவாரு."

"எம்பேச்ச அவுக நம்புவாகளா மொதலாளி?" என்றாள் சுருளியம்மாள்.

"பேச்ச நம்பலைன்னா கையக் காட்டு," என்றார்.

அப்போது போடியிலிருந்து மதுரைக்குப் போகும் ரயில் நிறுத்தி நிறுத்திப் போகும். ஆண்டிபட்டிக் கணவாயில் அது ஏறுகிற வேகம் உலகத்துக்கே தெரியும். ஒருமுறை அங்கே நான் இறங்கி, ஒரு ஆட்டுக்குட்டியை விலை பேசி, படியாமல், மறுபடி ஓடி வந்து அதே பெட்டியில் ஏறியிருக்கிறேன். அன்றைக்கு நான் இறங்கவில்லை. சுருளியம்மாள் உசிலம்பட்டிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத சுருளியம்மாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போவது, அணைந்த அடுப்பைத் தலையில் சுமந்து போகிற மாதிரி இருந்தது.

உசிலம்பட்டி தாண்டியதும் கேட்டாள். "அண்ணே, அந்த டீச்சரம்மா கோவக்காரியா இருப்பாளோ?"

"கணக்கு டீச்சரு. இருக்கத்தான் செய்யும்."

"கால்ல விழுந்துரவா?"

"விழுந்தா ஒம்மக பொய் சொன்னாங்கிறது உறுதியாயிரும்."

அவள் மடியில் இருந்த சொளகைத் தடவிக்கொண்டே வந்தாள்.

மிஸ் கிரேஸ் நான் நினைத்த மாதிரி கிழவியாக இல்லை. முப்பது வயசு இருக்கலாம். பாளையங்கோட்டைப் பக்கம். கண்ணாடி போட்டிருந்தார்கள். அறையில் ராஜாத்தி சுவரோரம் நின்றாள். முகம் வீங்கிக் கிடந்தது. எங்களைப் பார்த்ததும் கீழே குனிந்துகொண்டாள்.

"உக்காருங்கம்மா," என்று மிஸ் கிரேஸ் நாற்காலியைக் காட்டினார்கள். சுருளியம்மாள் தரையில் உட்கார்ந்தாள். "உங்க மக கெட்டிக்காரி. அதனாலதான் எனக்கு வருத்தம். தப்பா அளந்திருந்தாக்கூட மார்க்குப் போட்டிருப்பேன். அளக்காமலே எழுதினா நான் என்ன செய்ய?"

"அவ அளந்தா தாயி. நாங்கதான் கெடுத்தோம்." பையை மாற்றிய கதை முழுவதையும் சுருளியம்மாள் சொன்னாள். ராஜாத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சன்னல் வழியாக ஒரு வேப்பமரத்தைக் கவனமாகப் பார்த்தேன்.

மிஸ் கிரேஸ் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்கள். "நீங்க சொல்றது சரிதான்னே வச்சுக்குவோம். நல்ல காயாப் பொறுக்கலாம். ஆனா கருவி இல்லாம, வெறும் கையால, கால் மில்லிமீட்டருக்குள்ள நூறு காய் நிறுத்த முடியுமாம்மா? மனுசக் கையால முடியாது."

சுருளியம்மாள் என்னிடமிருந்து மூட்டையை வாங்கினாள். கூடவே கொண்டுவந்த சொளகை எடுத்து மடியில் வைத்தாள். காயைக் கொட்டினாள். கை நகரவில்லை.

நான்தான் சொன்னேன். "டீச்சரம்மா, இவ பேசாட்டா கை ஓடாது. ஏதாச்சும் பேச்சுக் குடுங்க."

மிஸ் கிரேஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பிறகு, "காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?" என்றார்கள்.

"ரயில்ல எங்க தாயி எறங்குது. புளிச்சோறும் எள்ளுத் தொவையலும் கட்டியாந்தேன், பொட்டலம் அப்பிடியே கெடக்கு. நீங்க எந்த ஊரு தாயி? பாளையங்கோட்டையா? அங்க மழ எப்பிடி? எங்க பக்கம் இந்த வருசம் நல்ல மழ. காய் பருத்துப்போச்சு. ஆனா அட்டைக்கடி. எம்புருசன் காலப் பாத்தீகன்னா சல்லடை. நாலு கழுத வச்சிருக்காரு. அதுல ஒண்ணு செனை. என்னையக் காட்டியும் அதத்தான் நல்லாப் பாத்துக்கிறாரு…"

கை ஓட ஆரம்பித்துவிட்டது. கொத்தியது, ஒதுக்கியது, தள்ளியது. கண் மிஸ் கிரேஸின் முகத்திலேயே இருந்தது. மாமியார் கதை வந்தது. பேச்சி வீட்டுச் சண்டை வந்தது. மிஸ் கிரேஸ் தன்னை அறியாமல் தன் அக்காவுக்குக் கல்யாணம் தள்ளிப்போவதைச் சொன்னார்கள். சுருளியம்மாள் அதற்குப் போடியிலேயே ஒரு மாப்பிள்ளை சொன்னாள். அரை மணி நேரத்தில் ஒரு பித்தளைத் தட்டில் நூறு காய் இருந்தது.

"கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வாங்கம்மா," என்றார்கள் மிஸ் கிரேஸ். சுருளியம்மாளும் நானும் தாழ்வாரத்துப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்தோம். ராஜாத்தி மறுபடி தலையைக் குனிந்துகொண்டு சுவரோரம் நின்றாள். மிஸ் கிரேஸ் கருவியை எடுத்து ஒவ்வொரு காயாக அளந்தார்கள். ஏழேகாலுக்கு மேல், ஏழரைக்குக் கீழ். அடுத்ததும் அப்படி. இருபது, முப்பது, நாற்பது. அறையில் கருவி கிளிக் கிளிக் என்று மூடித் திறக்கும் சத்தம்தான். அறுபத்திமூன்றாவது காயில் கை நின்றது.

"இது ஆறரைதாம்மா இருக்கு."

ராஜாத்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

சுருளியம்மாள் எழுந்துபோய் அந்தக் காயை விரலுக்கு நடுவில் ஒருதடவை உருட்டினாள். "இது என் கை பட்ட காயில்ல தாயி. நான் தண்ணி குடிக்கப் போனப்ப நீங்க உள்ள போட்டது. நான் போட்ட ஒண்ணு, அந்தப் பொஸ்தகம் லேசாத் தூக்கிக்கிட்டு நிக்கிதே, அதுக்கு அடியில கெடக்கு."

மிஸ் கிரேஸின் முகம் சிவந்தது. புத்தகத்தைத் தூக்கினார்கள். அடியில் ஒரு காய் இருந்தது. எடுத்து அளந்தார்கள். அதுவும் மற்றதைப் போல ஏழரைக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

மிச்சத்தை அவர்கள் அளக்கவில்லை. எழுந்து சுவரோரம் போய், "ராஜாத்தி, நான் சொன்னது தப்பு. நீ அளந்ததைத்தான் எழுதியிருக்கே," என்றார்கள். ஒரு வாத்தியார் மாணவியிடம் தன் மேல் தப்பு என்று சொல்லி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ராஜாத்தி அப்போதுதான் சத்தம் விட்டு அழுதாள்.

"ஆனா நோட்டுல இப்ப கையெழுத்துப் போட முடியாது," என்றார்கள் மிஸ் கிரேஸ். "மேல என்ன தலைப்பு எழுதியிருக்கே? போடி மலை ஏலக்காயின் கனம். நீ அளந்தது மலையை இல்ல, உங்கம்மா கையை. மலையையும் அள. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுது. அப்ப போடுறேன்."

மூட்டையில் பொறுக்காத காய் ஒன்றரைப் படிக்குமேல் இருந்தது. ராஜாத்தி அங்கேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கைவிட்டு அள்ளி நூறை எண்ணித் தட்டில் போட்டாள். பொடிசு, வெடிச்சது, வெளுத்தது, ஒன்று கிட்டத்தட்டக் குண்டுமணி அளவு.

சுருளியம்மாளின் கை தானாகத் தட்டை நோக்கிப் போனது.

"ஆத்தா!"

"நான் ஒண்ணும் பண்ணலடி. அந்தக் குட்டிய மட்டும்…"

"தொடக் கூடாது."

"டீச்சரம்மா கண்ணு முன்னால இப்பிடிக் காயவா தாயி வைக்கிறது?"

"நீங்க இருக்கற வரைக்கும் அவ அளக்க முடியாது போலிருக்கே," என்று மிஸ் கிரேஸ் சிரித்தார்கள். முதல் தடவையாக.

சுருளியம்மாள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். நூறு காயும் அளந்து முடிய ஒன்றரை மணி நேரம். அவள் வாழ்நாளில் அவ்வளவு கடுமையாக உழைத்து நான் பார்த்ததில்லை. நெற்றியில் வேர்வை ஓடியது. ஒவ்வொரு வெடிப்புக் காய்க்கும் உதட்டைக் கடித்தாள். நாலேகாலில் இருந்து எட்டே முக்கால்வரை காய்கள் எழுதப்பட்டன. கடைசிக் காய் முடிந்ததும் கையை வெளியே எடுத்து உதறினாள். மரத்துப்போயிருந்தது.

அதற்குப் பிறகு புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். மிஸ் கிரேஸ் ஒரு வாழையிலைத் துண்டில் இரண்டு பிடி வாங்கிச் சாப்பிட்டு, துவையல் இன்னும் கொஞ்சம் கேட்டார்கள். சுருளியம்மாள் அதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். படித்த கை தன் துவையலுக்கு நீண்டது என்று.

மார்ச்சில் ராஜாத்தி பரீட்சை எழுதினாள். ஜூனில் முடிவு வந்தது. துணைப்பாடத்தில் கல்லூரியிலேயே முதல் மார்க்கு. முதலாளி கிட்டங்கிக்குச் சாயங்காலம் லீவு விட்டு எல்லாருக்கும் சீரணி மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். கண்ணுச்சாமி மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். சினைக் கழுதை பெண் குட்டி போட்டிருந்தது. அதற்கு என்ன பெயர் வைத்தார் என்று கேட்டால், கிரேஸ் அம்மா கோபித்துக்கொள்வார்கள் என்று சொல்ல மறுத்துவிட்டார்.

ராஜாத்தி ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்திருந்தாள். பதினொரு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் கையெழுத்து இருந்தது. எல்லாரும் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். பேச்சி கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உள்ள என்னதான்டி எழுதியிருக்கே? வாசி," என்றாள் சுருளியம்மாள்.

எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. ராஜாத்தி தமிழாக்கி வாசித்தாள். "தலைப்பு, போடி மலை ஏலக்காய், பொறுக்குவதற்கு முன்னும் பின்னும். பயன்படுத்திய கருவிகள். ஒண்ணு, கனம் அளக்கும் கருவி. கல்லூரிக்குச் சொந்தமானது. ரெண்டு, சுருளியம்மாளின் வலது கை."

அந்தப் பக்கம் திரும்பி நான் தராசுத் தட்டைத் துடைத்தேன். துடைக்க வேண்டிய அளவு தூசி அன்றைக்கு அதில் இருந்தது.

சுருளியம்மாள் தன் வலது கையைப் புரட்டிப் பார்த்தாள். காய்ப்பேறிய விரல்கள், நகத்துக்குள் பச்சை. பிறகு முகத்தைச் சுளித்தாள்.

"எடது கைய ஏன்டி விட்டே? சொளகு ஆட்டுனது அதுதான?"

ராஜாத்தி முதலாளியின் மேசையிலிருந்து பேனாவை வாங்கி, வலது கை என்பதை அடித்துவிட்டு, கைகள் இரண்டு என்று எழுதினாள்.